மாற்றான் அடைத்த தோட்டா

பைனி ஃபோர்க், டென்னசி
செப்டம்பர் 14, 1986

அன்புத் தம்பி வெர்லினுக்கு,

அக்கா லியோட்டா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். ஒஹாயோ குளிர் உன் மார்ச்சளியை மறுபடி கிளப்பாமல் இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். டேட்டனில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை, டயர் கடைக்கு எதிரே விற்கும் கண்டதையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறாயா?

காரியத்துக்கு வருகிறேன். உன் அத்தானுக்கு ஈயம் தீர்ந்துவிட்டது. கார்ச் சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டுவீர்களே, அந்தப் பழைய ஈயக்கட்டிகளை உன் முதலாளி குப்பையில் போடுவதற்கு முன் ஒரு வாளி ஒதுக்கி வை. இங்கே துப்பாக்கிக் கிளப்பில் பாதிப் பேர் கடைத் தோட்டாவைச் சுடுகிறார்கள். ஹோபார்ட் மட்டும் தானே ஈயம் உருக்கி, தானே குண்டு வார்த்து, தன் பிஸ்டலுக்குத் தானே அடைத்துக்கொள்கிறார் என்று பெரிய பேர். அவர் வார்த்த குண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பெட்டி குடுப்பா ஹோபார்ட், காசு தர்றேன்" என்று கேட்காதவன் இல்லை. இவரா கொடுப்பார்? "எவன் அடைச்சதையும் நான் சுட மாட்டேன். நான் அடைச்சத எவனும் சுடக் கூடாது. தோட்டாவும் பல்லு விளக்குற பிரஷ்ஷும் ஒண்ணு" என்பார்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். சிரிக்காதே, வெளியே விடாதே. ஈஸ்டருக்குப் பிறகு தோட்டாவுக்கு வெடிமருந்து போடுவது நான்தான். சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுகொண்டே வருகிறது. ஈயம் வார்ப்பது அவருக்குக் கைப்பழக்கம், எப்படியோ சமாளிக்கிறார். மருந்துக்குக் கண் வேண்டும். பித்தளைக் கூடுகளைப் பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சின்னக் கரண்டியால் அளந்து போட வேண்டும். அது கூட்டில் பாதிகூட நிரம்பாது. தெரியாமல் இரண்டு தரம் போட்டாலும் வழியாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதனால் குண்டு வைத்து மூடுவதற்கு முன் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் எழுந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஞாயிறு பள்ளிப் பிள்ளை மாதிரி என்னை ஒப்பிக்கச் சொல்கிறார். "மாவு அளக்குறவளுக்கு மருந்து அளக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். "ரொட்டி கருகினா நாய்க்குப் போடலாம்டி, இதை யாருக்குப் போடுவ?" என்கிறார்.

கிளப்பில் தெரிந்தால் மனிதர் தலை நிமிர்ந்து நடக்க மாட்டார். அதனால் உன் வாயைக் கட்டிக்கொள்.

நவம்பர் கடைசியில் இந்த நன்றி நாள் விருந்துக்காவது ஊருக்கு வா. வான்கோழிக்கு மட்டுமில்லை, எனக்கும் வயசாகிறது.

அன்புடன் உன் அக்கா,
லியோட்டா

~

டேட்டன், ஒஹாயோ
அக்டோபர் 5, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சளி இல்லை. அத்தானையும் உன்னையும் கேட்டதாகச் சொல்லவும், உன்னை நீயே கேட்டுக்கொள்ளவும்.

ஒரு வாளி கேட்டாய், இரண்டு வாளி சேர்ந்திருக்கிறது. முதலாளி ஸ்டோல்ட்ஸ் பார்த்துவிட்டு, "என்னடா, டென்னசிக்காரங்க இன்னும் யாரோடயாவது சண்டை போட்டுக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், அத்தான் குறி பாக்குற காகித அட்டையோடதான் சண்டை போடுறாரு" என்றேன். மனிதர் இப்போது என்மேல் நல்ல மதிப்பு வைத்திருக்கிறார். புது வருஷத்திலிருந்து பட்டறை முழுக்க என் பொறுப்பு என்று வாய் திறந்து சொல்லிவிட்டார். சம்பளமும் கூடும். அம்மா போன பிறகு மிஷின் தைத்து என்னை வளர்த்தவள் நீ. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

அத்தானுக்குப் பதில் நீ மருந்து போடுகிறாய் என்று படித்தபோது சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. மாவு சலிக்கும்போது பாடுவாயே, அந்த மேசையில் பாடித் தொலைக்காதே.

நன்றி நாளுக்கு வரப் பார்க்கிறேன். லீவு கிடைத்தால் கடை போனிலிருந்து கூப்பிடுகிறேன். நான் வந்தால் அந்தப் பிஸ்டலில் கொஞ்சம் சுட விடுவாரா என்று அத்தானைக் கேள். விட மாட்டார், தெரியும். கேட்டு வை.

உன் தம்பி,
வெர்லின்

~

பைனி ஃபோர்க்
நவம்பர் 9, 1986

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகமும் அப்படியே என்று நம்புகிறேன். ஈயம் பத்திரமாக வந்தது. உன் அத்தான் வாளிக்குள் கையை விட்டுத் துழாவி, "மச்சான்னா மச்சான்தான்" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். அன்றைக்கே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். கொட்டகை முழுக்க உருகிய ஈயமும் தேன்மெழுகும் மணக்கிறது.

வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது பாதி வரிசைக்கு மருந்து போட்டிருந்தேன். சமையலறையில் போன் அலறியதும் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். "வர்றேன்க்கா, லீவு குடுத்துட்டாரு" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டே போட்டு முடித்து, சோள ரொட்டி வேகுமுன் எல்லாவற்றையும் மூடியும் விட்டேன். நீ பாடாதே என்றாய், நான் பாடினேன். வந்து திட்டு.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். உன் அத்தான் முதலில் முடியாது என்றார். "அடைத்தது நான், சுடுவது என் தம்பி. ஒரே ரத்தம், இதில் மாற்றான் யார்?" என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில், "சரி, உன் சமையலத் தின்னுதானே வளர்ந்தான், உன் தோட்டாவையும் சுடட்டும்" என்று இறங்கி வந்தார். வியாழக்கிழமை அடைத்த அந்தப் புதுப் பெட்டி உனக்கென்று தனியாக வைத்திருக்கிறது.

உனக்குப் பிடித்த ஆப்பிள் அடுக்குக் கேக்குக்குப் பழம் காய வைத்துவிட்டேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வா.

உன் அக்கா

~

பைனி ஃபோர்க்
டிசம்பர் 18, 1986

அன்புள்ள வெர்லினுக்கு,

நீ நலமாக டேட்டன் போய்ச் சேர்ந்ததாக பஸ் நிலையத்திலிருந்து உன் அறைத் தோழன் போன் செய்து சொன்னான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் மார்ச்சளி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் இரவெல்லாம் இருமினாய்.

நன்றி நாளுக்கு மறுநாள், அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் போனவையெல்லாம் ஒழுங்காகப் போயினவே, ஒன்று மட்டும் ஏன் பிஸ்டலையே பிளந்துகொண்டு உன் கையில் வெடித்தது என்று ஊரே கேட்கிறது. ஷெரிப்பின் ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவில் விசாரித்தபோது, "என் தோட்டா, நான் அடைச்சது. ஒரு கூட்டுக்கு ரெண்டு தரம் மருந்து போட்டுட்டேன். வேற யாரும் அந்த மேசைப் பக்கம் வந்ததில்ல" என்று உன் அத்தான் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இங்கே பனி பெய்கிறது. சபையில் உனக்காக ஜெபம் செய்தார்கள். பேரிக்காய்ப் பாகு இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன். ராத்திரியில் சூடாக ஏதாவது குடி. காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அன்புடன்,
அக்கா

~

டேட்டன்
பிப்ரவரி 1, 1987

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். அதனால்தான் இத்தனை தாமதம். சளி இல்லை. பேரிக்காய்ப் பாகு வந்தது. ஒரு ஜாடியின் மூடியை அறைத் தோழன் திறந்து கொடுத்தான். இன்னொன்று மூடியபடி இருக்கிறது.

ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றுவிட்டது. கட்டைவிரல் மடங்கவில்லை. ஸ்டோல்ட்ஸ் ஜனவரி முழுக்கப் பொறுத்துப் பார்த்தார். திருகு சாவியைப் பிடிக்க முடியாதவனை டயர் கடையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? "நீ நல்ல பையன்டா" என்று சொல்லித்தான் கணக்கை முடித்தார். பட்டறை இப்போது வேறு ஒருவன் பொறுப்பில். தன் கையே தனக்கு உதவி என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாயே, சிரிப்பு வருகிறது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நீ எழுதித் தெரிந்துகொள்ள வேண்டும். கண் தெரியாத மனிதர் மருந்து மேசைப் பக்கம் ஏன் போனார்? விளக்கைப் பிடித்து யார் எட்டிப் பார்த்தது?

பதில் போடு.

வெர்லின்

~

பைனி ஃபோர்க்
மார்ச் 22, 1987

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உடனே எழுதக் கூடவில்லை. இங்கே ஒரே வேலை. சுகம்தானே? உன் அறையில் கணப்பு ஒழுங்காக எரிகிறதா? வேலை போனது கேட்டு மனசு ஆறவில்லை. ஸ்டோல்ட்ஸ் நல்லவர் என்று எழுதியிருந்தாய். நல்லவர்கள் எல்லாம் அவ்வளவுதான்.

உன் அத்தானைக் கிளப்பில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேரே சொல்லவில்லை. சுடுமிடத்தின் கேட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டு எல்லோருக்கும் சாவி கொடுத்து, இவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. இருபது வருஷமாக அந்தக் கேட்டுக்கு எண்ணெய் போட்டது இவர். போன சனிக்கிழமை பழக்கத்தில் என்னை வண்டி ஓட்டச் சொன்னார். கேட்டுப் பக்கம் இறங்கிப் பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார். மளிகைக் கடையில் ஒருத்தன், "என்ன ஹோபார்ட், மச்சானுக்கு வான்கோழியோட விரலையும் அறுத்துக் குடுத்தியாமே" என்று இவர் முகத்துக்கு நேரே சொன்னான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவரை மன்னித்துவிடு வெர்லின். வயசான மனிதர்.

இந்த வருஷம் மழை சீக்கிரம் வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

~

பைனி ஃபோர்க்
ஏப்ரல் 12, 1987

மச்சான் வெர்லினுக்கு,

ஹோபார்ட் சொல்ல, உன் அக்கா எழுதுகிறாள். எனக்கு இப்போது காகிதத்தின் வெள்ளை மட்டும்தான் தெரிகிறது. நீ நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

மருந்து போட்டது நான். என் கையால் போட்டேன். விளக்குப் பிடிக்காமல் மூடினேன். அன்று எனக்கு அவசரம், சனிக்கிழமைப் போட்டி நினைப்பு. ஒருவன் அடைத்ததை இன்னொருவன் சுடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் உனக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தேன். உன் அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை. திட்டுவதானால் என்னைத் திட்டு.

என் குண்டு வார்க்கும் அச்சும், தோட்டா அடைக்கிற மிஷினும், மிச்ச ஈயமும் விற்றாகிவிட்டது. அந்தப் பணம் இத்துடன் இருக்கிறது. திருப்பி அனுப்பாதே.

ஹோபார்ட் டிரிவெட்

~

டேட்டன்
மே 10, 1987

லியோட்டா அக்காவுக்கு,

நான் நலம். இதை அத்தானுக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விழுங்காதே.

ஹோபார்ட் டிரிவெட், உங்கள் பணம் எனக்கு வேண்டாம், இதோ திரும்பி வருகிறது. கண் போனவர் என்றால் கண் போனது என்று ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெருமை போய்விடும் என்று பயந்தீர்கள். உங்கள் பெருமைக்கு என் விரலைக் காவு கொடுத்தேன். இப்போது நான் பகலில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தைக் கூட்டுகிறேன், துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு. பிள்ளைகள் என்னை நண்டு என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கு நான் வர மாட்டேன். அம்மா மன்னிப்பாள். நீங்கள் இருக்கும் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன். உங்களைப் போன்ற பொய்யரை நான் பார்த்ததில்லை.

அக்கா, வாசித்துவிட்டு அத்தான் என்ன சொன்னார் என்று எழுது. நீ என்ன சொன்னாய் என்றும் எழுது.

வெர்லின்

~

பைனி ஃபோர்க்
செப்டம்பர் 3, 1987

தம்பிக்கு,

சுகமா? இங்கே சுகமில்லை. உன் அத்தானுக்குக் காலில் புண் ஆறாமல் போன மாதம் பாதத்தை எடுத்துவிட்டார்கள். பட்ட காலிலே படும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. இப்போது சிறுநீரகமும் ஒத்துழைக்கவில்லை என்கிறார் டாக்டர். சாப்பாடு இறங்கவில்லை. பீன்ஸைக் குழைத்து ஊட்டினாலும் இரண்டு வாய்தான்.

உன்னைக் கேட்கிறார். தினமும் கேட்கிறார். "மச்சான்கிட்ட இருந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்பார். பழையதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஒரு நடை வந்து போ. பஸ்ஸுக்குப் பணம் வைத்திருக்கிறேன்.

உன் சளிக்கு மருந்து வாங்கினாயா?

அக்கா

~

பைனி ஃபோர்க்
நவம்பர் 20, 1987

வெர்லினுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அத்தான் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டார். தந்தி கொடுத்தேனே, கிடைக்கவில்லையா? நேற்றுவரை வழி பார்த்தேன். அடக்கம் புதன்கிழமை, மலைமேல் அவருடைய அப்பா பக்கத்தில். குளிரில் மண் இறுகிக் கிடந்தது. சபையார் வந்தார்கள். கிளப்பிலிருந்து நாலைந்து பேர் வந்து, வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வரவில்லை. பட்டாளத்தில் இருந்தவர் என்பதற்காகக் கல்லறையில் துப்பாக்கி மரியாதை செய்யலாமா என்று போதகர் அவர்களைக் கேட்டாராம். "ஹோபார்டுக்கா? வேணாம் ஐயா, சிரிப்பாங்க" என்றார்களாம்.

உனக்குக் கோபம் இருக்கட்டும். ஒரு பிடி மண் போட வந்திருக்கலாம்.

லியோட்டா

~

டேட்டன்
டிசம்பர் 27, 1987

அக்கா,

தந்தி கிடைத்தது. கையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ் என் முன்னாலேயே போயிற்று. ஏறவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மருந்து போட்டது நீ என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நீதானே எழுதினாய்? "விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டே போட்டு முடித்து" என்று நீ எழுதிய வரியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைத்துப் பார்த்தேன். விட்ட இடம் எது என்று உனக்கு மறந்துவிட்டது. போட்ட கூட்டுக்கே மறுபடி போட்டிருக்கிறாய். அதுவும் என் போன் வந்ததால்தான். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கை தவறுவது யாருக்கும் நடக்கும். என்னை வளர்த்த கை அது. ஒரு விரலுக்காக அதை வெறுப்பேனா?

ஆனால் நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். கண் தெரியாதவர் மேசைப் பக்கம் ஏன் போனார் என்று பிப்ரவரியில் கேட்டேன். தெரியாமல் கேட்டேன் என்றா நினைத்தாய்? உனக்குக் கதவைத் திறந்து விட்டேன். நீ, "அவரை மன்னித்துவிடு" என்று எழுதினாய். அப்புறம் அத்தான் பேரில் ஒரு கடிதம் வந்தது. "மருந்து போட்டது நான், என் கையால் போட்டேன்" என்ற வரி உன் கையெழுத்தில் இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை.

மே மாதம் அவரை அப்படித் திட்டினேனே, ஒரு வார்த்தையும் அவருக்காக எழுதியதில்லை. உனக்குப் பொறுக்காது, "நிறுத்துடா, அவர் இல்லை, நான்" என்று சொல்வாய் என்றுதான் எழுதினேன். அன்றே பஸ் ஏறியிருப்பேன். நீ நாலு மாதம் கழித்து என் சளியைக் கேட்டாய்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன் அக்கா. சளியைக் கேட்டிருக்கிறாய், காலுறையைக் கேட்டிருக்கிறாய், கணப்பைக் கேட்டிருக்கிறாய். என் கை எப்படி இருக்கிறது என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய்.

நடுவில் ஒரு நல்ல மனிதர் அவமானப்பட்டுச் செத்துப்போனார். அதில் பாதி என் பாவம், எனக்குத் தெரியும். சுமந்துகொள்கிறேன். என்னிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். கிளப்புக்குப் போய், அந்தப் பூட்டுப் போட்டவர்களிடம் சொல்.

வெர்லின்

~

பைனி ஃபோர்க்
பிப்ரவரி 21, 1988

என் தம்பி வெர்லினுக்கு,

நான் நடமாடுகிறேன். அதற்கு மேல் சுகம் என்று எழுத வரவில்லை.

கிளப்புக்குப் போனேன். சனிக்கிழமை, எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். "மருந்து போட்டது நான். அவருக்குக் கண் தெரியாது. அந்த வருஷம் ஈஸ்டரிலிருந்து நான்தான் போட்டேன். என் தம்பியின் கையைக் கெடுத்தது நான்" என்று நின்ற இடத்தில் சொன்னேன். அப்புறம் பூட்டுப் போட்டவர் வந்து என் தோளைத் தட்டினார். "போதும்மா, எங்களுக்குப் புரியுது. புருஷன் பேரக் காப்பாத்த உன்ன மாதிரி எந்தப் பொம்பளை பழிய ஏத்துக்குவா? ஹோபார்ட் குடுத்து வச்சவன்" என்றார். நான் மறுபடி சொன்னேன். கத்திச் சொன்னேன். "ஹோபார்ட்டே அன்னைக்கு ஷெரிப்பு ஆளுகிட்ட ஒத்துக்கிட்டானேம்மா" என்று ஒருத்தர் காப்பி ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் அவர் மனைவி வீட்டுக்கு வந்து, தான் சுட்ட பழப் பலகாரம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். சபையில் என்னை இப்போது உத்தமி என்கிறார்கள். நான் உண்மை சொல்லச் சொல்ல உன் அத்தான் இன்னும் பெரிய குற்றவாளி ஆகிறார்.

நீ மே மாதம் வாசித்துக் காட்டச் சொன்னாய். வாசித்தேன். உன் அத்தானும், "ஒரு வரி விடாம வாசி" என்றார். பொய்யர் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "ம், மேல வாசி" என்றார். முடித்ததும் சிரித்தார். "அவன் என்னைத் திட்டலடி. உன்னத்தான் திட்டுறான். அவனுக்குத் தெரியும். நான் குறுக்க நிக்கிறேன், அவ்வளவுதான்" என்றார்.

அந்தத் தோட்டாக்களை மூடிய அன்று ராத்திரி, "விளக்குப் புடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். ஆஸ்பத்திரியில் அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. சாகிறவரை கேட்கவில்லை.

உன் மே மாதக் கடிதத்தை வாசித்த அன்றைக்கு, "அவனுக்கு எழுதிடட்டுமா?" என்று நான் கேட்டேன். "எழுதுறதுன்னா எனக்கு உசுரு இருக்கும்போதே எழுது. செத்தப்புறம் சொன்னா எவனும் நம்ப மாட்டான்" என்றார். காகிதத்தை எடுத்து வைத்து உன் பெயரையும் எழுதிவிட்டேன். அவருக்கு ஊசி போடும் நேரம் வந்தது. எழுந்து போனேன். போனவள் திரும்பி வந்து உட்காரவில்லை.

நடுவில் எழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் சொல்லிக் கொடுத்த பாடம். அன்றும் நான் அதைச் செய்யவில்லை.

வெர்லின், உன் கை எப்படி இருக்கிறது?

அக்கா